இருபத்தைந்து கஜம்

இராஜபாளையம்,
3-6-1946

தங்கச்சி ரோசம்மாளுக்கு அண்ணன் தேவஇரக்கம் எழுதுவது.

கர்த்தர் நடத்துகிறபடி நடக்கிறோம். நானும் உன் மதினி செல்லத்தாயும் சுகம்.

உன்னோடு பேச்சு நின்று ஆறு மாதம் ஆகப் போகிறது. காலை ஏழு நாற்பதுக்கும் சாயங்காலம் ஐந்தேகாலுக்கும் நீ நர்ஸ் வேலை பார்க்கிற டாக்டர் வேலுசாமியின் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸை ஓட்டிப் போகிறேன். ஏழு மைலில் இருக்கிற தங்கச்சிக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரில் நிறுத்திப் பேசலாம் என்றால் வண்டி நிறைய ஜனம், கண்டக்டர் சுயம்புலிங்கத்தின் காது வேறு. இது யார் காதிலும் விழக் கூடாத சமாச்சாரம்.

கிறிஸ்துமஸ் அன்று நீ செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது எதிரே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டு, "அண்ணே, இங்க நிக்கது யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாய். நான் நம் சபைப் பாலம்மாள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "இந்தக் கண்ண வச்சிக்கிட்டா இவிய பஸ் ஓட்டுதாக" என்றாய். அந்தப் பேச்சு முதலாளி காதுக்குப் போயிருந்தால் என் பிழைப்பில் மண் விழுந்திருக்கும். சரி, அது போகட்டும். இப்போது உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

வருகிற ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் எதுவும் ரோட்டில் ஓடக் கூடாதாம். வண்டி யாரையாவது அடித்துவிட்டால் கம்பெனி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான், டிரைவருக்கும் பயமில்லை. போன வாரம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஷெட்டுக்கு வந்து எங்கள் பெயரையெல்லாம் எழுதினான். என் வயதைக் கேட்டதும் பேனாவை நிறுத்திவிட்டு முதலாளி முகத்தைப் பார்த்தான். ராஜு முதலாளி தங்கமான மனுஷர். "தேவஇரக்கம் இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறாரு, ஒரு கோழிகூட அடிபட்டதில்லை" என்றார். ஏஜெண்டு அசைந்து கொடுக்கவில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டினவன் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது கண் பார்வைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவன் ஓட்டுகிற வண்டிக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

என் லைசென்ஸ் முப்பதாம் தேதியோடு முடிகிறது. இருபதாம் தேதி உன் டாக்டரிடம் போய் வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. டாக்டர் அறையில் எழுத்து அட்டை ஒன்று தொங்குமே, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகச் சின்ன எழுத்துமாக, அதை அப்படியே பார்த்து எழுதி எனக்கு அனுப்பு.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் இன்னும் கரி வாயு அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் எங்கள் பஸ் ஓடுகிறது. அந்தப் புகை பட்டுக் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். மூன்று மாதமாகக் கண்ணாடியே போடாமல் வேதம் வாசிக்கிறேன். இந்தக் கடிதமும் கண்ணாடி இல்லாமல் எழுதியதுதான். ஐம்பத்தேழு வயதில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? உடனே பதில் போடு.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
6-6-1946

அண்ணனுக்கு ரோசம்மாள் எழுதுவது.

உங்கள் கையெழுத்தைத் தபாலில் பார்த்ததும் மதினிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப் பிரித்தேன். சண்டையை நீங்களே முடித்துவைத்ததில் சந்தோஷம். மற்ற எதிலும் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஒன்றுமில்லாத கண்ணுக்கு அட்டை எதற்கு அண்ணே?

கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறேன் என்ற வரியை மறுபடியும் மறுபடியும் படித்தேன். பிப்ரவரியில் சேத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவரைப் பரிசோதித்து அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "புரை பழுக்க ஆரம்பிச்சா கொஞ்ச நாளைக்குக் கிட்டத்துப் பார்வை தெளியும், சிஸ்டர். கண்ணு திரும்பி வந்துட்டதுன்னு ஜனங்க சந்தோஷப்படுவாங்க. தூரத்துல இருக்கறதெல்லாம் போய்க்கிட்டே இருக்கும்." அந்த வாத்தியார் இப்போது தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறார்.

கிறிஸ்துமஸ் அன்று நான் செய்தது தப்பு. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். நீங்கள் பாலம்மாள் என்றதும் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அழுதேன். பாலம்மாள் என்னைவிட ஒரு சாண் குட்டை. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது நீலச் சேலை, நான் எப்போதும்போல வெள்ளை. கூடப் பிறந்தவளை இருபது அடியில் தெரியாத கண்ணோடு நீங்கள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்.

அன்றிலிருந்து காலையிலும் சாயங்காலமும் உங்கள் ஹாரன் கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். வண்டி கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன். நீங்கள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கோபத்தில்தான் பார்க்காமல் போகிறீர்கள் என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஷூரன்ஸ் இருப்பதால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசுவதுபோல டாக்டரிடம் கேட்டேன். சர்ட்டிபிகேட் பொய் என்று தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடத்தான் பார்க்கும் என்றார். அடிபட்டவன் பெண்டாட்டி பிள்ளை தெருவில் நிற்கும். பொய்ப் பார்வைக்கு வாங்கின இன்ஷூரன்ஸும் பொய்தானே?

மதுரைக்குப் போய்ப் புரையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூட வருகிறேன். அட்டையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ரோசம்மாள்


இராஜபாளையம்,
10-6-1946

ரோசம்மா,

உன் கடிதத்தைச் செல்லத்தாய்க்குக்கூடக் காட்டாமல் எரித்துவிட்டேன். இனி உன்னிடம் ஒளித்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

மைல் கல்லும் மனுஷனும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. அசைந்தால் மனுஷன். சாயங்காலம் வெயில் மலைமேல் இறங்கி எதிரே அடிக்கும்போது ரோடு முழுவதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடுகிறது. ஊருக்குள் பெட்ரோமாக்ஸ் ஏற்றியிருந்தால் அதைச் சுற்றி முள்ளு முள்ளாக நிற்கிறது. பிறகு எப்படி ஓட்டுகிறாய் என்பாய். ரோடு என் உடம்பில் இருக்கிறது. எந்தப் பாலத்தில் வண்டி இடது பக்கம் குலுங்கும், எந்தத் திருப்பத்தில் புளியமரத்து நிழல் முகத்தில் படும் என்று எனக்குத் தெரியும். சுயம்புலிங்கம் முன்படியில் நின்றுகொண்டு, "மாட்டு வண்டி வருது, இடது. ஆடு நிக்கி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவான். ஏன் சொல்கிறாய் என்று நான் கேட்டதில்லை, ஏன் கேட்டுக்கொள்கிறீர்கள் என்று அவனும் கேட்டதில்லை.

மோட்டார் ஒன்று எதிரே வந்தால் இன்ஜின் சத்தத்தை வைத்தே யார் கார், என்ன நம்பர் என்று சொல்லிவிடுவேன். இந்தத் தாலுகாவில் ஓடுகிற கார் மொத்தம் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு நம்பரும் எனக்கு மனப்பாடம். பஸ்ராவில் பட்டாளத்து லாரியில் ஏறிய நாளிலிருந்து என் கைக்குத் தெரிந்தது ஸ்டீரிங் ஒன்றுதான். ஜூலை ஒன்றாம் தேதி என்னை இறக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்?

மதுரைக்குப் போ என்று சுலபமாக எழுதிவிட்டாய். வத்திராயிருப்புச் சந்தைக்கு ஒருவன் வந்தானே, கண்ணில் ஊசி குத்திப் புரையைத் தள்ளுகிறவன். நம் அப்பா ஞானராஜ் அவனிடம்தான் தலையைக் கொடுத்தார். அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டது நான். உனக்கு ஆறு வயது, வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து உன்னைத் தூர உட்கார வைத்திருந்தோம். எனக்குப் பதினாறு. ஆடாமல் பிடிலே என்று அவன் சொன்னான், நான் ஆடாமல் பிடித்தேன். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது அப்பா, "ஏலே, விளக்க ஏத்து" என்றார். அப்போது உச்சிப் பொழுது.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் நடந்ததில் சுண்ணாம்பில் ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. நான் பட்டாளத்துக்குப் போகுமுன் அந்தக் கோட்டை வெள்ளையடித்து மறைத்தேன். அவர் போன பிறகும் அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ரோசம்மா. பட்டாளத்தில்கூட இப்படிப் பயந்ததில்லை.

ஒரு வருஷம் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன். அட்டையை எழுதி அனுப்பு. உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் நீ தாங்கமாட்டாய், அதனால் எழுதவில்லை.

உன் அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
13-6-1946

அண்ணே,

தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். கீழ் வரிகள் பொடி எழுத்து, அட்டையில் மூக்கு உரசும்படி நின்று பார்த்தேன். அட்டையில் இருப்பதில் ஒன்றும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எனக்கு வசனம் பாடம் சொல்லிக் கொடுத்தீர்களே, அதேபோல் படியுங்கள். வசனத்தைச் சொல்லி, எந்தப் புத்தகம், எந்த அதிகாரம் என்று அதன் இருப்பிடத்தையும் சொன்னால்தான் பரிசுப் படம் கிடைக்கும் என்று என்னை எத்தனை தடவை அழ வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு காரியம் எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். சாயங்கால டிரிப்பை வேறு டிரைவரிடம் விட்டுவிடுங்கள். ஆகஸ்டுக்குள் மதுரைக்கு வாருங்கள். அந்த ஊசிக்காரன் வேறு, மதுரை டாக்டர்கள் வேறு.

வாசலில் போகிற ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து, இதை நான்தான் வண்டிக்கு முன்னால் தள்ளிவிடப் போகிறேனோ என்று பயப்படுகிறேன். தாளை எரித்துவிடுங்கள்.

ரோசம்மாள்


இராஜபாளையம்,
21-6-1946

ரோசம்மா,

எல்லாம் நல்லபடி முடிந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். நேற்று நீ அதே அறையில்தான் இருந்தாய், உன் செருப்புச் சத்தம் கேட்டது. நமக்குள் பேச்சில்லை என்று கூட வந்த சுயம்புலிங்கம் நினைத்துக்கொண்டிருப்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

உன் தாளை ஆறு நாளில் கரைத்துக் குடித்துவிட்டேன். ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்து, "மேலேர்ந்து படிங்க" என்றார். எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஒன்று இருந்தது. அதுதான் அட்டை என்று எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஒரு எழுத்துத் தடுக்கவில்லை. ஏழு வரியும் முடிந்து, கடைசியில், "சுந்தர விலாஸ் அச்சுக்கூடம், தெற்குத் தெரு, மதுரை" என்று இருப்பிடமும் சொல்லி நிறுத்தினேன்.

உன் கையிலிருந்து தட்டு விழுந்தது. டாக்டர் எழுந்து அட்டைப் பக்கம் போனார். பிறகு, "புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வாங்க" என்றார். சர்ட்டிபிகேட்டைக் கேட்டேன், புதன்கிழமை என்றார். முதலாளியிடம் டாக்டருக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் எதையாவது விட்டுவிட்டேனா?

சாயங்கால டிரிப்பை விட்டுவிடுவதென்றால் முதலாளி காரணம் கேட்பார். சர்ட்டிபிகேட் கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
22-6-1946

அண்ணே,

நீங்கள் எதையும் விடவில்லை. ஒன்றை விட்டிருக்க வேண்டும்.

அட்டையின் அடியில் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சகத்தின் பெயர் போட்டிருக்கிறது. அதைப் படிக்க எந்தக் கண்ணாலும் முடியாது, நானே அட்டையில் மூக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒன்றும் விடக் கூடாது என்கிற பயத்தில் அதையும் எழுதிவிட்டேன். நீங்கள் வசனத்துக்கு இருப்பிடம் சொல்வதுபோல அதையும் சொல்லிவிட்டீர்கள். வேறு யாராக இருந்தாலும் ஏழாவது வரியோடு நிறுத்தியிருப்பார்கள்.

நீங்கள் போன பிறகு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டர், இந்த அட்டை பதினெட்டு வருஷமா என் சுவத்துல தொங்குது. அதை அச்சடிச்சது யாருன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. "எத்தனை பேர் ஏறுவாங்க அந்த பஸ்ல?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை அட்டை கிடையாது. ரோட்டில் இருபத்தைந்து கஜத்தில் ஒரு காரை நிறுத்தி நம்பரைப் படிக்கச் சொல்லப் போகிறார். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு. வத்திராயிருப்பில் என் மகள் அமிர்தவல்லி வீட்டுக்குப் போய் இருக்கச் சொல்லிவிட்டார். நிறுத்தப் போவது அவருடைய காரைத்தான், வேறு எது இருக்கிறது? அந்த நம்பர் உங்களுக்கு மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. என் மனம் என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்குப் புரியாது.

சாயங்கால டிரிப்பை இன்றே விடுங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் நீங்கள்தான் ஓட்டி வருகிறீர்கள் என்றால் நான் நடுரோட்டில் நின்று வண்டியை நிறுத்துவேன். எல்லாரையும் இறங்கச் சொல்லுவேன். இது சத்தியம்.

ரோசம்மாள்


வத்திராயிருப்பு,
25-6-1946

அண்ணே,

இன்று காலை முதல் வண்டியில் இங்கே அமிர்தவல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிரே நடுரோட்டில் உங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பொம்பளை நின்றாளே, அது நான்தான்.

உங்கள் ஹாரன் கேட்டதும் இறங்கிப் போய் நின்றேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வண்டி தூரத்தில் வரும்போதே கையை உயர்த்தினேன். வெள்ளைச் சேலை, ரோட்டில் வேறு ஆளில்லை, நிச்சயம் தெரியும் என்று நினைத்தேன். வண்டியின் வேகம் குறையவில்லை. கிட்டே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் நேராக என்னைப் பார்த்தபடி வந்தீர்கள் அண்ணே. உங்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, பதற்றம் இல்லை. வெறும் ரோட்டைப் பார்க்கிற முகம்.

விலகிப் போயிருக்கலாம். கால் வரவில்லை. சுயம்புலிங்கம், "ஆளு! ஆளு!" என்று அலறியது கேட்டது. வண்டி நின்றபோது என் உள்ளங்கை வண்டி முகப்பில் இருந்தது. சூடு பட்டு இன்றைக்குக் கொப்புளம் போட்டிருக்கிறது.

நீங்கள் தலையை வெளியே நீட்டி, "ஏட்டி, சாகுததுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? தள்ளிப் போட்டி!" என்று கத்தினீர்கள். ஏழெட்டு அடி தூரம் இருக்கும். அப்போதும் உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. எல்லாரையும் இறங்கச் சொல்லுவேன் என்று சத்தியம் பண்ணினவள் நான். வாயைத் திறந்தால் என் குரலை வைத்து உங்களுக்குத் தெரிந்துவிடும், அத்தனை ஜனத்துக்கு முன்னால் நீங்கள் என்ன ஆவீர்களோ என்று பயந்துவிட்டேன். பேசாமல் ஒதுங்கினேன். நீங்கள் போய்விட்டீர்கள். அந்த வண்டியில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளையும் உங்களோடு போக விட்டுவிட்டேன்.

நாளைக்குக் காரின் நம்பரை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் தடுக்கப் போவதில்லை, எனக்கு அந்தத் தெம்பு இல்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம்பரைச் சொல்வதற்கு முன்னால் நேற்று ரோட்டில் என்ன பார்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ரோசம்மாள்


இராஜபாளையம்,
27-6-1946

ரோசம்மா,

என்ன பார்த்தேன் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் பார்க்கவில்லை. வெயில் அடித்தது, ரோடு வெளுப்பாக இருந்தது. அந்த வெளுப்பில் நீ நின்றிருக்கிறாய்.

உன் சனிக்கிழமைக் கடிதம் திங்கட்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. டாக்டர் என்ன சொன்னாரோ என்று பயந்து பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டி எடுத்தேன். நடுரோட்டில் நின்று நிறுத்துவேன் என்று நீ எழுதியது என் நெஞ்சுக்கு மேலேயே இருந்திருக்கிறது. வண்டி நின்ற பிறகு சுயம்புலிங்கத்திடம் யாரது என்று கேட்டேன். "யாரோ கிறுக்கு" என்றான்.

வத்திராயிருப்புக் கடிதம் நேற்றுக் காலை ஷெட்டில் கைக்கு வந்தது. அதையும் பையில் பிரிக்காமல் கிடந்ததையும் வாசித்துவிட்டுச் சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டேன். "அன்னைக்கு நின்னது ரோசம்மாளா, லே?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமா அண்ணாச்சி. சொன்னா ஒங்களுக்குக் கையும் காலும் ஓடாது. பொறவு அம்புட்டுச் சனத்தையும் யாரு கொண்டுபோய்ச் சேக்கது?" என்றான். படியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைக் கொன்றிருந்தால்கூட யாரென்று கேட்டுக்கொண்டு போயிருப்பேன் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. நேற்று வண்டியை நான் எடுக்கவில்லை. வேறு பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கம்பவுண்டர் ரோட்டில் இருபத்தைந்து கஜம் அளந்து கோடு போட்டார். டாக்டர் தாமே காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். சத்தத்தைக் கேட்டதுமே நம்பர் நாக்குக்கு வந்துவிட்டது. 1147. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஐந்தாறு ஆயிரம் தடவை அந்தக் காருக்கு நான் வழி விட்டிருக்கிறேன். "என்ன நம்பர், தேவஇரக்கம்?" என்று கேட்டார்.

ரோசம்மா, சொல்லியிருப்பேன். உன்னிடம் மறைப்பானேன்? உன் கடிதத்தை வாசித்த பிறகும், அவ்வளவு வியர்த்த பிறகும், அந்த நேரத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஒன்று ஒன்று நாலு ஏழு, நாலே சொல். என் லைசென்ஸ், என் ஸீட்டு, முதலாளி முன்னால் என் மரியாதை எல்லாம் அதில் இருந்தது. அப்பாவின் சுவர்க் கோடும் கண்ணில் வந்து நின்றது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் இன்னொரு தரம் கேட்டார். "காரே தெரியலைங்க. பச்சையா என்னமோ நிக்கி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

டாக்டர் என் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காரை நோக்கிக் கூட்டிக்கொண்டு போனார். இருபது கஜம். பதினைந்து. பத்து. ஒவ்வொரு தடவையும், "இப்ப?" என்றார். இல்லை என்றேன். மூன்று கஜத்தில் நம்பர் தெரிந்தது, படித்தேன். கம்பவுண்டர் அளந்து சொன்னார். உனக்குச் சொல்கிறேன், அந்த மூன்று கஜத்தை வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு வருஷமாக ஓட்டியிருக்கிறேன்.

சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். உன் வேலையைப் பற்றி நானே கேட்டேன். "அவங்க கெட்டிக்கார நர்ஸ். அச்சகம் பேரைக்கூட விடல" என்றார். சிரித்த மாதிரித்தான் இருந்தது, முகம் தெரியவில்லை.

சாயங்காலம் லைசென்ஸை முதலாளி மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், படியில் நின்று சுயம்புலிங்கம் சொல்லிக்கொண்டு வந்ததைத் தவிர. அவன் பிள்ளைகுட்டிக்காரன். முதலாளி, "எந்த பஸ்ல வேணும்னாலும் முன் பெஞ்சுல உட்கார்ந்துக்கோங்க, யாரும் டிக்கெட் கேக்க மாட்டாங்க" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

பயம் போகவில்லை, ஆனாலும் மதுரைக்கு வருகிறேன். அப்பா தலையை நான் பிடித்தேன். என் தலையை நீ பிடித்துக்கொள். வேறு யார் பிடித்தாலும் நான் ஆடிவிடுவேன்.

வருகிற திங்கட்கிழமை ஜூலை ஒன்று. நம் பஸ் இன்ஷூரன்ஸோடு முதல் நாள் ஓடப் போகிறது. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து வருவேன். துணிமணியை எடுத்துக்கொண்டு ஏழு நாற்பதுக்கு வாசலில் வந்து நில். பயப்படாமல் கையைக் காட்டு. புது டிரைவர் நிறுத்துவான்.

உன் அண்ணன்
தேவஇரக்கம்